எழுத்துக்கு முன் பிறந்த குரல்: அயர்லாந்து நடிகர் பேட்ரிக் மகீ

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாடகத்தைப் பற்றி நடக்கும் சொற்பொழிவுகளில் முதலிடம் நாடகாசிரியருக்கு. அடுத்த இடம் இயக்குநருக்கு. நடிகரின் முறை வரும்போது நேரம் தீர்ந்துவிடுகிறது. இரண்டு புகழ்மொழிகளோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். எழுதியது மூலம், நடித்தது அதன் நிழல் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. இன்று அந்த வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு நடிகரின் குரலைக் கேட்ட பிறகு, அந்தக் குரலுக்காகவே எழுதப்பட்ட நாடகம் ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த நாடகங்களைப் பட்டியலிடும் எவரும் அதை விட்டுவிட முடியாது. நாடகத்தின் பெயர் ‘க்ராப்பின் கடைசி ஒலிநாடா’. எழுதியவர் சாமுவேல் பெக்கெட். குரலுக்கு உரியவர் பேட்ரிக் மகீ.

மேடை, திரை, வானொலி என்ற மூன்று துறைகளிலும் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர் மகீ. திரைப்படம் பார்ப்பவர்கள் பலருக்கு அவர் முகம் நினைவிருக்கும், பெயர் நினைவிருக்காது. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்’ படத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆத்திரத்தில் உடல் நடுங்கும் எழுத்தாளர் அவர்தான். ஒரு நடிகரின் வாழ்க்கைக் குறிப்பைச் சொல்லிவிட்டுப் போவது என் நோக்கம் அல்ல. நடிகரின் குரல் இலக்கியத்தின் பிறப்பிடமாக இருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று. அந்தச் சான்றை உங்கள் முன் வைக்கிறேன்.

1. அர்மாவிலிருந்து லண்டன் வரை

மகீ 1922 மார்ச் 31 அன்று அர்மா நகரில் பிறந்தார். அளவில் சிறிய ஊர். ஆனால் அயர்லாந்தின் சமயத் தலைநகர். கத்தோலிக்கருக்கு ஒன்று, அயர்லாந்துத் திருச்சபைக்கு ஒன்று என, புனித பேட்ரிக்கின் பெயரையே தாங்கிய இரண்டு பேராலயங்கள் இரண்டு குன்றுகளின் மேல் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் ஊர். அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டுதான் அயர்லாந்து இரண்டாகப் பிரிந்தது. அர்மா பிரிட்டனோடு தங்கிய வடபகுதிக்குள் அடங்கியது. அங்கே புனித பேட்ரிக் பள்ளியில் அவர் படித்தார்.

அந்த வட்டாரத்து ஆங்கிலத்துக்குத் தனி ஒலி உண்டு. ரகரம் அழுத்தமாக ஒலிக்கும். சாதாரணமாக ஒன்றைச் சொல்லி முடிக்கும்போதும் தொனி கீழே இறங்காமல் மேலே ஏறி நிற்கும். டப்ளின்காரரின் பேச்சும் அர்மாக்காரரின் பேச்சும் அயர்லாந்தாருக்குக் கேட்ட மாத்திரத்தில் பிரிந்து தெரியும். இந்த ஒலியை மகீ கடைசிவரை உதறவில்லை. உச்சரிப்பைத் திருத்திக்கொள்வது அன்றைய லண்டன் மேடையில் நுழைய விரும்பிய எவருக்கும் முதல் பாடமாக இருந்த காலம் அது. அந்தப் பின்னணியில்தான் அவர் பிடிவாதத்தின் மதிப்பு நமக்குப் புரியும்.

அவருக்கு நாடகப் பள்ளியாக அமைந்தது ஏனு மக்மாஸ்டரின் நாடகக் குழு. மக்மாஸ்டர் அந்தக் காலத்து முறைப்படி நடிகராகவும் குழுத் தலைவராகவும் இருந்தவர். ஷேக்ஸ்பியர் நாடகங்களை மூட்டை கட்டிக்கொண்டு அயர்லாந்தின் சிற்றூர்களுக்குப் போவார். ஊர்க் கூடம், சினிமாக் கொட்டகை, கிடைத்த இடத்தில் எல்லாம் நடத்துவார். அதே குழுவில் 1950களின் தொடக்கத்தில் சேர்ந்த ஓர் ஆங்கில இளைஞர்தான் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நாடகாசிரியர் ஹரால்ட் பின்ட்டர். அந்த நாட்களைப் பற்றிப் பின்ட்டர் ‘மேக்’ என்ற சிறு நூலை எழுதியிருக்கிறார். லிமெரிக் நகரில் புனித பேட்ரிக் திருநாள் இரவில், குடித்துவிட்டுக் கூச்சல் போட்ட பெருங்கூட்டத்தின் முன் மக்மாஸ்டர் ‘ஒதெல்லோ’ நடித்து, நாடகத்தின் பிற்பாதியில் அந்தக் கூட்டத்தைத் தன் குரலால் அடக்கி வாயடைக்கச் செய்ததை அதில் பதிவு செய்கிறார். ஒலிபெருக்கி இல்லாத கூடம், கவனம் சிதறிய கூட்டம், இரவுக்கு இரவு வேறு நாடகம். குரலை உரமாக்கும் பயிற்சி இதைவிட வேறு எங்கே கிடைக்கும்?

அந்தப் பயிற்சியோடு வந்த மகீயை இயக்குநர் டைரோன் கத்ரி அயர்லாந்து நாடகங்களின் வரிசை ஒன்றுக்காக லண்டனுக்கு அழைத்துக்கொண்டார்.

2. ஒலிவாங்கியின் முன்

மகீயின் வாழ்க்கையைத் திருப்பியது வானொலி. பிபிசி 1946இல் ‘தேர்ட் புரோகிராம்’ என்ற அலைவரிசையைத் தொடங்கியிருந்தது. கேட்பவர் எண்ணிக்கை பற்றிக் கவலைப்படாமல் உயர்ந்த இசை, இலக்கியம், சிந்தனை ஆகியவற்றைத் தருவதென்று வைராக்கியத்தோடு நடந்த அலைவரிசை. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜான் மோரிஸ் 1956இல் பாரிஸுக்குப் போய்ப் பெக்கெட்டைச் சந்தித்து, வானொலிக்காக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார். அப்படி எழுதப்பட்டதுதான் ‘ஆல் தட் ஃபால்’. டொனால்ட் மக்வின்னி தயாரித்து, 1957 ஜனவரி 13 அன்று ஒலிபரப்பானது.

அந்த ஒலிபரப்பில் முதன்மை வேடம் மேரி ஓஃபாரெலுக்கு. அயர்லாந்தின் இரண்டு பெரிய பெக்கெட் நடிகர்களான ஜாக் மக்கவ்ரனும் மகீயும் சிறிய வேடங்களில் வந்தார்கள். கிராமத்துப் பாதையில் மாடு, ஆடு, கோழிகளின் சத்தம் வர வேண்டிய இடங்களில் மக்வின்னி ஒலிப்பதிவுகளைப் போடவில்லை. மனிதர்களையே அப்படிக் குரல் கொடுக்க வைத்தார். ஒலியை இயற்கையிலிருந்து விலக்கி, கேட்பவரின் மனத்துக்குள் ஒலிப்பதுபோல் ஆக்குவது அவருடைய வழி. இந்தத் தயாரிப்புக்காகச் செய்த ஒலிச் சோதனைகள் அடுத்த ஆண்டில் பிபிசியில் ‘ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்’ என்ற தனி ஒலிக்கூடமே உருவாவதற்குத் துணை நின்றன.

மேடைக் குரலுக்கும் ஒலிவாங்கிக் குரலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். மேடையில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எட்டும்படி குரலைத் தள்ள வேண்டும். ஒலிவாங்கியோ உதட்டுக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. மூச்சு இழுப்பதும் நாக்கு ஈரத்தில் ஒட்டிப் பிரிவதும்கூட அதில் விழும். பெருங்கூடங்களில் பேசிப் பழகிய பல நடிகர்கள் அதன் முன் தோற்றுப்போவார்கள். மகீ தோற்கவில்லை. கொட்டகையை நிரப்பிய அதே வலிமையை அவர் உள்ளுக்குள் அடக்கி வைத்துக்கொண்டு முணுமுணுப்பாகப் பேசினார். அடங்கிய அந்த வலிமை குரலில் ஒரு கரகரப்பாக, எந்த நேரமும் வெடித்துவிடுமோ என்ற விளிம்பு நிலையாக வெளிப்பட்டது. அவருடைய பதிவுகள் கிடைக்கின்றன, கேட்டுப் பாருங்கள். சகர ஒலிகள் சீறும். சொற்களுக்கு இடையே உள்ள அமைதியிலும் அவர் நம் அருகில் இருப்பது தெரியும்.

1957 டிசம்பரில் பிபிசி பெக்கெட்டின் உரைநடையை வானொலிக்குக் கொண்டுவந்தது. ‘மொல்லாய்’ நாவலின் ஒரு பகுதியையும், ‘ஃப்ரம் ஆன் அபாண்டன்ட் ஒர்க்’ என்ற குறும்படைப்பையும் மகீ வாசித்தார். பாரிஸில் இருந்த பெக்கெட்டுக்கு வானொலி அலை தெளிவாகக் கிடைக்கவில்லை. பிபிசியின் பாரிஸ் அலுவலகத்துக்குப் போய் ஒலிநாடாவில் கேட்டார். இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஒரு படைப்பாளி ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து, சுழலும் நாடாவிலிருந்து வரும் குரலைக் கேட்கிறார். அவர் அடுத்து எழுதிய நாடகத்தின் காட்சியும் கிட்டத்தட்ட இதுவே.

3. நாடகம் பிறந்த விதம்

1958 பிப்ரவரியில் பெக்கெட் ஒரு குறிப்பேட்டில் புதிதாக எழுதத் தொடங்கினார். அந்தக் குறிப்பேடு இன்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அவர் இட்ட தலைப்பு ‘மகீ தனிமொழி’. கதாபாத்திரத்துக்குப் பெயர் வருவதற்கு முன்பே நடிகரின் பெயர் வந்துவிட்டது.

ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றிப் பெக்கெட்டுக்கு அப்போது அதிகம் தெரியாது. அதை எப்படி இயக்குவது என்ற விளக்கக் கையேட்டை அனுப்பும்படி மக்வின்னிக்குக் கடிதம் எழுதினார். வீடுகளில் டேப் ரெக்கார்டர் அப்போதுதான் புழங்கத் தொடங்கியிருந்தது. ஒருவன் முப்பது ஆண்டுகளுக்கு முன் பதிந்த தன் குரலை 1958இல் கேட்பது நடக்கக்கூடிய காரியம் அல்ல. எனவே நாடகம் எதிர்காலத்தில் ஒரு மாலையில் நடப்பதாகப் பெக்கெட் அமைத்தார்.

கதை எளியது. க்ராப்புக்கு அன்று 69ஆவது பிறந்தநாள். ஒவ்வொரு பிறந்தநாளிலும் கடந்த ஆண்டைப் பற்றிப் பேசி ஒலிநாடாவில் பதிந்து வைப்பது அவர் வழக்கம். இன்றைய பதிவுக்கு முன்னால் பழையது ஒன்றைத் தேடி எடுத்துப் போடுகிறார். 39 வயதில் பதிந்தது. அந்த நாடாவில் பேசும் க்ராப்போ, தான் இருபதுகளில் பதிந்த இன்னொரு நாடாவை அப்போதுதான் கேட்டு முடித்து, அந்த இளைஞனை ஏளனம் செய்துகொண்டிருக்கிறார். மூன்று வெவ்வேறு வயதுகளில் உள்ள க்ராப்புகள் ஒரே அறையில். எழுதப்போகும் மாபெரும் நூலுக்காக ஒரு காதலை விட்டுவிட்டதைப் பெருமையோடு அறிவிக்கிறது நடுவயதுக் குரல். அந்த நூல் என்ன ஆயிற்று என்பதை முதியவரின் நிலை சொல்லிவிடுகிறது. படகில் ஒரு பெண்ணோடு கழிந்த ஒரு பகற்பொழுதைப் பற்றிய பகுதியை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சுழலவிட்டுக் கேட்கிறார்.

முதியவரின் குரல் உடைந்து கரகரக்க வேண்டும், நடுவயதுக் குரல் திடமாகவும் சற்றே தற்பெருமையோடும் ஒலிக்க வேண்டும் என்று நாடகக் குறிப்பு கேட்கிறது. ஒருவர் தொண்டையிலேயே இரண்டும் இருக்க வேண்டும். ஆள் ஒருவர்தான் என்பது சந்தேகமின்றிப் புலப்படவும் வேண்டும். மகீயிடம் அந்த இரண்டும் இருந்தன. மக்மாஸ்டரிடம் பயின்ற முழங்கும் குரல் ஒன்று, ஒலிவாங்கி முன் கண்டெடுத்த உடைந்த குரல் மற்றொன்று.

1958 அக்டோபர் 28 அன்று லண்டனின் ராயல் கோர்ட் அரங்கில் நாடகம் அரங்கேறியது. இயக்கியவர் மக்வின்னி. ஒத்திகைக்குப் பெக்கெட்டே பாரிஸிலிருந்து வந்திருந்தார். அதே இரவில் ‘எண்ட்கேம்’ நாடகமும் நடந்தது. அதில் ஜார்ஜ் டெவைனும் ஜாக் மக்கவ்ரனும் நடித்தார்கள்.

அப்போது மகீக்கு வயது 36. நாடாவில் பேசும் 39 வயதுக் குரல்தான் அவருடைய உண்மையான வயதுக்கு நெருக்கமானது. கண்ணுக்குத் தெரிந்த முதியவர் முழுக்க முழுக்க நடிப்பு. காதுக்கு மட்டும் கேட்ட குரலோ ஏறத்தாழ அவர் தாமே. இந்த நாடகத்தில் நடிகரின் பெரும்பாலான வேலை கேட்பது. பேசும் நேரத்தைவிடக் கேட்கும் நேரம் அதிகம். தன் குரலைத் தானே கேட்டு முகத்தில் வெறுப்பும் ஏக்கமும் மாறி மாறி ஓட நடிக்க வேண்டும். வானொலி நடிகர் ஒருவருக்காக எழுதப்பட்டதால்தான் உலக நாடக மேடைக்கு இப்படிக் கேட்பதையே நடிப்பாக்கிய ஒரு வடிவம் கிடைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

4. 1964

மகீயின் வாழ்வில் ஓர் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டுமென்றால் 1964ஐ எடுக்கலாம். பிப்ரவரியில் பாரிஸில் ஆங்கிலத்தில் நடந்த ‘எண்ட்கேம்’ நாடகத்தில் குருடரான ஹாம் வேடம். எதிரில் ஏவலாளாக மக்கவ்ரன். ஒத்திகைகளில் பெக்கெட்டின் கை இருந்தது. கோடையில் அதே நாடகம் லண்டனின் ஆல்ட்விச் அரங்குக்கு ராயல் ஷேக்ஸ்பியர் குழுவின் பெயரில் வந்தது. அதே அரங்கில், பின்ட்டர் தாமே இயக்கிய ‘தி பர்த்டே பார்ட்டி’யில் மகீ மக்கேன் வேடம் ஏற்றார். ஊர் ஊராக ஒன்றாகத் திரிந்த இருவர், இப்போது நாடகாசிரியரும் நடிகருமாக லண்டனின் முதன்மையான மேடைகளில் ஒன்றில் சந்தித்தார்கள். 1968இல் அந்த நாடகம் வில்லியம் ஃப்ரீட்கின் இயக்கத்தில் படமானபோதும் மக்கேன் அவர்தான்.

ஆகஸ்டில் வந்தது ‘மரா/சாத்’. ஜெர்மானிய எழுத்தாளர் பீட்டர் வைஸின் நாடகம். பின்னாளில் மகாபாரதத்தை மேடையேற்றியதால் நம்மவர்களுக்கும் நன்கு அறிமுகமான பீட்டர் புரூக் அதை இயக்கினார். 1808இல் ஷாரந்தோன் மனநலக் காப்பகத்தில், அங்கே அடைபட்டிருந்த சாத் பிரபு நோயாளிகளை வைத்துப் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் மராவின் கொலையை நாடகமாக நடத்துவதாகக் கதை. மேடை முழுக்க அலறல், பாட்டு, வலிப்பு, கலவரம். இவற்றுக்கு நடுவே சாத் வேடத்தில் மகீ அசையாமல் நின்று, தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு வைப்பதுபோலப் பேசினார். மராவைக் கொல்லும் ஷார்லட் கோர்டேயாக நடித்த கிளென்டா ஜாக்சன் தன் கூந்தலையே சாட்டையாக்கி அவர் வெற்று முதுகில் அடிக்கும் காட்சி நாடக வரலாற்றில் நிலைத்துவிட்டது. அடி விழும்போதும் அவர் தன் வாதத்தைத் தொடர்கிறார். மூச்சு தடுக்குகிறது, வாதம் தடுக்கவில்லை.

1965 டிசம்பரில் நாடகம் நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனது. மறு ஆண்டு, சிறந்த துணை நடிகருக்கான டோனி விருது மகீக்குக் கிடைத்தது. சிறந்த நாடகத்துக்கான விருதும் ‘மரா/சாத்’துக்கே. 1966இல் பால் ஸ்கோஃபீல்டுடன் ‘ஸ்டேர்கேஸ்’ நாடகத்தில் நடித்தார். ஒன்றாக வாழும் இரண்டு முடிதிருத்துநர்களின் கதை. ஆண்கள் இருவருக்கு இடையேயான பாலுறவை இங்கிலாந்துச் சட்டம் குற்றமாக நடத்திய காலத்தில் அந்த உறவை மேடையில் கண்ணியத்தோடு வைத்த நாடகங்களில் அது ஒன்று.

1964இன் திரைக்கணக்கு தனி. ‘ஜூலு’ படத்தில் முற்றுகைக்கு நடுவே காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை தரும் படை மருத்துவர். ‘சீயன்ஸ் ஆன் எ வெட் ஆஃப்டர்நூன்’ படத்தில் காவல் அதிகாரி. ரோஜர் கார்மனின் ‘தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்’ படத்தில் கொடூரமான பிரபு. மூன்றும் அதே ஆண்டில் வெளியானவை.

5. திரையில் ஒரு தொழிலாளி

மகீயின் திரைப்படப் பட்டியலைப் பார்த்து வருந்தும் விமர்சகர்கள் உண்டு. பெக்கெட்டின் நடிகர் இத்தனை பேய்ப்படங்களில் ஏன் நடித்தார் என்று கேட்கிறார்கள். அந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. மேடை புகழைத் தந்தது. வாடகையையும் சோற்றையும் திரை தந்தது. நடிகர் உழைத்துப் பிழைப்பவர். அவர் எந்த அளவு நேர்மையோடு உழைத்தார் என்பதைப் பார்ப்பதே நம் கடமை.

1972இல் வந்த ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ பேய்ப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கதைகளில் கடைசிக் கதையில் பார்வையற்றோர் இல்லம் ஒன்று வருகிறது. புதிய கண்காணிப்பாளர் செலவைக் குறைக்கிறேன் என்று அவர்களைக் குளிரிலும் பசியிலும் வாட்டுகிறார். அவர்கள் தரப்பில் முறையிடுபவர் மகீ. கெஞ்சும் குரலில் அவர் பேசத் தொடங்கும்போது அது வெறும் பேய்ப்படம் என்பது மறந்துபோகிறது. பழிவாங்கும் திட்டம் உருவான பின்னும் அவர் குரலை உயர்த்தவில்லை. முறையிட்ட அதே பணிவோடு பேசுகிறார். அந்தப் பணிவுதான் பயமுறுத்துகிறது. கேட்டே உலகை அறியும் மனிதரின் பேச்சு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இயக்குநர்களின் பெயர்களையும் பாருங்கள். ஃப்ரான்சிஸ் ஃபோர்ட் கொப்பொலா தம் தொடக்க காலத்தில் அயர்லாந்தில் எடுத்த ‘டிமென்ஷியா 13’ படத்தில் மகீ இருக்கிறார். பின்ட்டர் திரைக்கதை எழுதி ஜோசப் லோசி இயக்கிய ‘தி சர்வன்ட்’டில், உணவகக் காட்சியில் ஆயராகச் சில நிமிடங்கள் வந்து போகிறார். புரூக்கின் ‘கிங் லியர்’ படத்தில் கார்ன்வால் பிரபு. 1981இல் வெளியாகி ஆஸ்கர் வென்ற ‘சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்திலும் அவருக்கு ஒரு வேடம் உண்டு.

குப்ரிக்கோடு செய்த இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ‘எ க்ளாக்வொர்க் ஆரஞ்ச்’ 1971இல் வந்தது. எழுத்தாளர் அலெக்சாண்டரின் வீட்டுக்குள் கும்பலோடு புகுந்து அவரையும் மனைவியையும் சிதைத்த இளைஞன், பின்னொரு நாள் அடிபட்டு அதே வீட்டு வாசலில் வந்து விழுகிறான். அவன் குளித்தபடி பாடும் பாட்டைக் கேட்டுத்தான் இவன் அவனேதான் என்று எழுத்தாளர் கண்டுகொள்கிறார். அங்கேயும் காது வழியாக வரும் அறிவு. அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் உபசரிப்பவராக உட்கார்ந்து, உணவு எப்படி என்று விசாரிக்கும் சாதாரணக் கேள்வியை, கட்டுப்பாட்டை மீறித் தெறிக்கும் குரலில் அவர் கேட்கிறார். மிகை நடிப்பு என்று சிலர் குறை சொன்னார்கள். பழிவெறியை விருந்தோம்பலுக்குள் மூடிவைக்கத் தவிக்கும் மனிதரின் குரல் வேறு எப்படி இருக்கும் என்று நான் கேட்பேன்.

1975இன் ‘பேரி லிண்டன்’ நேர் எதிர். சூதாடிப் பிழைக்கும் செவாலியே வேடம். ஒரு கண்ணை மூடிய திரை, பூசிய முகம். பிரஷ்யப் படையில் மாட்டிக்கொண்ட அயர்லாந்து இளைஞன் பேரி, அவரை உளவு பார்க்க அனுப்பப்படுகிறான். எதிரில் அமர்ந்திருப்பவர் தன் நாட்டுக்காரர் என்ற நினைவே அவனை உடைத்துவிட, உண்மையைச் சொல்லி அழுகிறான். மகீ அதிகம் பேசவில்லை, அவனை அணைத்துக்கொள்கிறார். அந்நிய மண்ணில் சொந்த மண்ணின் மனிதரைக் கண்ட நெகிழ்ச்சி. லண்டனில் வாழ்ந்தபடி அர்மாவின் பேச்சைக் கைவிடாத ஒருவர் அந்தக் காட்சியில் இருப்பது அதற்கு ஒரு கனத்தைத் தருகிறது.

6. தன் குரலைக் கேட்கும் தலை

திரை எவ்வளவு இழுத்தாலும் அவர் பெக்கெட்டிடமிருந்து விலகவில்லை. ‘மலோன் டைஸ்’ 1958இலும், ‘தி அன்நேமபிள்’ 1959இலும் அவர் குரலில் வானொலிக்கு வந்தன. ‘வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்’ நாடகத்தில் சொற்கள் என்ற பாத்திரத்துக்கே குரல் கொடுத்தார். ‘காஸ்கண்டோ’வில் குரல் என்ற பாத்திரம் அவருக்கு. 1972இல் மக்வின்னி இயக்கத்தில் பிபிசி தொலைக்காட்சிக்காக மீண்டும் க்ராப் ஆனார்.

மக்கவ்ரனுக்காகப் பெக்கெட் எழுதிய தொலைக்காட்சி நாடகம் ‘ஏ ஜோ’. அதில் மக்கவ்ரன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஒரு பெண்ணின் குரல் பேசப் பேச, கேமரா அவர் முகத்தை நெருங்கிக்கொண்டே போகிறது. மக்கவ்ரனிடம் பெக்கெட் முகத்தைக் கண்டார். மகீயிடம் குரலைக் கண்டார். நடிகரின் தனித்தன்மையே நாடகத்தின் வடிவத்தைத் தீர்மானித்ததற்கு இவை இரண்டும் இணைச் சான்றுகள்.

பெக்கெட்டின் 70ஆவது பிறந்தநாளைக் கொண்டாட ராயல் கோர்ட் அரங்கம் 1976 மே மாதத்தில் நடத்திய நாடக வரிசைக்கு ‘தட் டைம்’ வந்தது. இதுவும் மகீக்காக எழுதப்பட்டது. இருண்ட மேடையில், தரையிலிருந்து பத்தடி உயரத்தில் ஒரு முதிய தலை மட்டும் தெரியும். விரிந்த நரைமுடி, வேறு உடலே இல்லை. அந்தத் தலை பேசாது. இரண்டு பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும் மூன்று குரல்கள் மாறி மாறி வந்து அவருடைய குழந்தைப் பருவம், காதல், முதுமை ஆகியவற்றைச் சொல்லும். மூன்றும் அவருடைய குரலே. பிரதியில் நிறுத்தக்குறி ஒன்றுகூட இல்லை. எங்கே பிரிப்பது, எங்கே இழுப்பது, எங்கே நிறுத்துவது என்பதை நடிகரின் மூச்சுதான் முடிவு செய்ய வேண்டும். நிறுத்தக்குறியையே நடிகரிடம் ஒப்படைக்க ஓர் எழுத்தாளர் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்க வேண்டும்!

அந்த வரிசையிலேயே மகீ மீண்டும் ஹாம் வேடமும் ஏற்றார். ஏவலாளாக நின்றவர் பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த இளம் நடிகர் ஸ்டீபன் ரே. வடக்கத்திப் பேச்சு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு மேடையிலேயே கைமாறியது. மகீ 1982 ஆகஸ்ட் 14 அன்று லண்டனில் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 60. க்ராப்பின் 69ஐ அவர் வேடத்தில் மட்டுமே வாழ்ந்தார்.

7. ஒரு மறுப்பும் ஒரு வேண்டுகோளும்

என் வாதத்துக்கு ஒரு மறுப்பு எழலாம். க்ராப் வேடத்தில் எத்தனையோ பேர் சிறந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பெக்கெட்டே இயக்க மார்ட்டின் ஹெல்ட் நடித்தார். ஜான் ஹர்ட் நடித்தார். டப்ளினில் பிறந்த மைக்கேல் கேம்பன் நடித்தார். 2006இல் அதே ராயல் கோர்ட்டில், நோய் முற்றிய நிலையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி ஹரால்ட் பின்ட்டர் நடித்தார். மகீயின் பழைய தோழர் அந்த வேடத்தை ஏற்றது எவ்வளவு பொருத்தம்! இத்தனை பேருக்கும் பொருந்திவிட்ட நாடகத்தை ஒருவருடைய குரலின் நாடகம் என்று எப்படிச் சொல்வது?

நியாயமான கேள்வி. எழுதி முடித்த பிரதி எவருக்கும் சொந்தம்தான். நல்ல நாடகம் தன் முதல் நடிகரைத் தாண்டி வாழும். ஆனால் பின்னால் வந்த ஒவ்வொருவரும், தங்கள் இயல்புக்கு ஏற்ப வேறாகச் செய்தவர்கள் உட்பட, நாடாவுக்கு ஒரு குரலும் நாவுக்கு ஒரு குரலுமாக இரண்டு குரல்களைத் தங்களுக்குள் தேடியாக வேண்டியிருந்தது. கேட்பதையே நடிக்க வேண்டியிருந்தது. அந்த நிபந்தனையை விதித்தது மகீயின் குரல். கையெழுத்துப் பிரதியின் தலைப்பில் இருந்த அவர் பெயர் அச்சில் இல்லை. நாடக வரலாறு எழுதுபவர்கள் அதை மீண்டும் எழுதிச் சேர்க்க வேண்டும்.

மகீயிடம் நாம் கற்க வேண்டியவை மூன்று. பிறந்த மண்ணின் ஒலியைக் குறையாக எண்ணித் திருத்திக்கொள்ளாமல் அதையே கருவியாக்கியது முதலாவது. பெரிய மேடை, சிறிய படம் என்று வேறுபாடு பாராமல் கிடைத்த வேலையில் முழு உழைப்பைப் போட்டது இரண்டாவது. பேசுவதற்குச் சமமாகக் கேட்பதையும் நடிப்பாகப் பயின்றது மூன்றாவது.

நாடகத் துறை மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நாடகப் பிரதியைக் கண்ணால் மட்டும் படித்துத் தேர்வு எழுதாதீர்கள். வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் வாசிப்பைப் பதிவு செய்து, சில நாட்கள் கழித்து நீங்களே கேளுங்கள். மகீயின் பதிவுகளையும் மற்றப் பெரு நடிகர்களின் பதிவுகளையும் தேடிப் பிடித்து, பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று குறித்துப் படியுங்கள். துறைத் தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நூலகத்தில் நாடக நூல்களுக்கு அலமாரி இருப்பதுபோல, நாடகக் குரல்களுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். பாடத்திட்டத்தில் நடிகர்களின் பெயர்களுக்கும் இடம் கொடுங்கள். இலக்கியம் தாளில் தொடங்குவது மட்டும் அல்ல; சில வேளைகளில் அது ஒருவர் தொண்டையில் தொடங்கித் தாளுக்கு வருகிறது. அதை ஏற்றுக்கொள்ளும் கல்விதான் முழுமையான நாடகக் கல்வி.